கொட்டகைதானே என்று விட்டுவிடலாமா?

ஒரு லயத்து வீடு இடிந்தால் பத்திரிகையில் செய்தி வரும். கோயில் கூரை காற்றில் பறந்தால் யாராவது ஒரு தலைவர் வந்து பார்ப்பார், படம் எடுத்துக் கொள்வார். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மாட்டுக் கொட்டகை சாய்ந்தால் யார் வருவார்? பக்கத்து வீட்டுக்காரர் வருவார். ‘அடடே, எப்பங்க விழுந்துச்சு?’ என்பார். விழுந்த கட்டையில் நல்லதாக நாலு இருந்தால் அடுப்புக்குக் கேட்பார். அதோடு சரி.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, அதற்கு அப்பால் ஹுலு சிலாங்கூர் பக்கம் என்று தோட்டம் தோட்டமாகச் சுற்றி வருகிறோம் நாம். (பெஸ்தாரி ஜெயா என்றால் நம்மில் பாதிப்பேருக்கு இன்னும் பிடிபடுவதில்லை. 2007-இல் பெயர் மாற்றப்பட்ட நமது பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான்.) எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நம் கண் முதலில் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. முன்வாசலில் கோலம் இருக்கிறது, துளசி மாடம் இருக்கிறது, வெள்ளையடித்த சுவர் இருக்கிறது. பின்பக்கம் போனால், ஒரு பக்கம் சாய்ந்த கொட்டகை. அதற்கு முட்டுக் கொடுத்த கட்டை. அந்த முட்டுக் கட்டைக்கும் ஒரு முட்டு. கூரையில் தகரம் பறக்காமலிருக்க மேலே நாலு பழைய டயர், இரண்டு செங்கல். டயருக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கொசுப்புழு.

இதைச் சொல்லும்போது யாரையும் இழிவுபடுத்த வேண்டும் என்பது நம் நோக்கமல்ல. நம் வீட்டுக் கொட்டகையும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்போம். லயத்து வீடு யாருடையது? தோட்ட நிர்வாகத்துடையது. கூரை ஒழுகினால் ஆபீசுக்குப் போய்ச் சொல்கிறோம். கதவு உடைந்தால் கிராணியிடம் எழுதிக் கொடுக்கிறோம். கோயில் எல்லாருக்கும் பொது. பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் பொறுப்பு. நம் கையால் குழி தோண்டி, நம் காசில் ஆணி வாங்கி, நம் பெண்டு பிள்ளைகள் கட்டை தூக்கிக் கொடுக்க, நாமே கட்டிக் கொண்டது என்று தோட்டத்தில் ஏதாவது உண்டு என்றால் அது இந்தக் கொட்டகை ஒன்றுதான். நம்முடையது என்று சொல்லிக் கொள்ள இருக்கும் ஒரே கட்டடத்தைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். இது வேடிக்கையல்லவா?

அந்தக் கொட்டகைக்குள் என்ன இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பால்மரம் வெட்டிய காலத்தில், மழை பிடித்துக் கொண்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. மழையிலும் கறந்தது பசு மாடு ஒன்றுதான். அந்தப் பாலை ஊற்றித்தான் எத்தனையோ வீட்டில் பள்ளிக்கூடத்துச் சட்டை வாங்கினார்கள், பஸ் காசு கட்டினார்கள். இன்றைக்கு டாக்டராகவும் வக்கீலாகவும் இருக்கும் எத்தனையோ பேருக்கு முதல் உபகாரச் சம்பளம் கொடுத்தது அந்த மாட்டுக் கொட்டகைதான். இப்போது மாடு குறைந்துவிட்டது, ஆடு கொஞ்சம் இருக்கிறது. சில வீட்டில் கோழி மட்டும். சில வீட்டில் மோட்டார் சைக்கிள், செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், தள்ளுவண்டி, பழைய மெத்தை. எதுவாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே?

இனி நம் வீட்டுக் கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். ‘வேண்டியவன் கட்டை எடுத்துக்கலாம்’ என்று மண்டோர் சொன்னதும் அப்பா நல்ல பருமனாக எட்டுக் கட்டை பார்த்து எடுத்து வந்தார். தோலைக்கூடச் சீவாமல் மண்ணில் நட்டு, மேலே தகரம் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகை எழும்பிவிட்டது. லயமே வந்து பார்த்தது. ‘காசே செலவில்லாம முடிச்சிட்டீங்களேண்ணே’ என்று பாராட்டியது.

இரண்டாவது வருஷம். விடியற்காலை நாலரை மணி இருக்கும், பிரட்டுக்குப் போக அம்மா எழுந்து அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நம் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர்களும் வானிலைக்காரர்களும் அதற்கு ‘சுமத்ரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நீரிணைக்கு அப்பாலிருந்து கிளம்பி, பெரும்பாலும் விடியும் நேரத்தில் வந்து அடித்துவிட்டு, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அன்றைக்கு அது பத்து நிமிஷம் அடித்திருக்கும். எட்டுக் கட்டையும் மண்ணோடு சேரும் இடத்தில் ஒரே மாதிரி முறிந்தன. உள்ளே மரம் இல்லை, மாவுதான் இருந்தது. கறவை மாட்டின் முன்னங்கால் மேல் விட்டம் விழுந்தது. அந்த மாட்டை அதற்குப் பிறகு யாரிடம், என்ன விலைக்குக் கொடுத்தோம் என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. அந்த வருஷம் அக்காள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தார். அவருக்கு அப்போது பதினாறு வயது.

‘காத்து தள்ளிடுச்சு’ என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிக் கொண்டிருந்தார். காற்று தள்ளவில்லை. இரண்டு வருஷமாக யாரும் குனிந்து காலைப் பார்க்காததுதான் தள்ளியது.

காலைப் பாருங்கள்

ரப்பர் கட்டை கெட்ட மரம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அதில் செய்யும் நாற்காலியும் மேசையும் கப்பலேறி வெளிநாடு போகின்றன. ஆனால் அது மருந்தேற்றிக் காயவைத்த கட்டை. வீட்டுக்குள் இருக்கும் கட்டை. பச்சை ரப்பர் மரத்தில் மாவுச் சத்து அதிகம், அதனால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் கறையானுக்கும் அது விருந்து. போரான் மருந்து ஏற்றினாலும், மழையில் நனையும் இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும். ஆகவே ரப்பர் கட்டையை மண்ணில் நடுவது, கறையானுக்கு இலை போட்டுச் சோறு வைப்பது மாதிரி.

செம்பனை வந்த பிறகு அந்த வசதியும் போய்விட்டது. இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது நம் வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். அன்றைக்கு ஏதோ ஒரு பிரெஞ்சுக்காரத் துரை செய்யும் புதுப் பரீட்சை என்றுதான் நம் முன்னோர் பார்த்திருப்பார்கள். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான். செம்பனை மரத்தில் தூண் கிடைக்காது, விறகு கிடைக்காது. அதன் தண்டு சீக்கிரம் மக்கி, காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமாகிவிடும். தூணுக்குக் கட்டை வேண்டுமானால் இனிமேல் கடைக்குத்தான் போக வேண்டும். காசு கொடுத்து வாங்குவது என்று ஆனபின், அது நின்று நிலைக்க வேண்டாமா?

செங்கால் கிடைத்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. விலைதான் கிட்டே போகவிடாது. பழைய ஸ்டோர், பழைய பாலம் பிரிக்கும் இடத்தில் சில சமயம் கிடைக்கும். நாற்பது வருஷம் மழையில் கிடந்த செங்கால் கட்டையை ரம்பம் போட்டுப் பாருங்கள், உள்ளே புதிதாக இருக்கும். கடலோரத்துக் கம்பங்களில் நிபோங் பனையில் வீட்டுக்குக் கால் போடுவார்கள். உப்புத் தண்ணீரிலேயே நிற்கும் மரம் அது. மற்றபடி சாதாரணக் கட்டைதான் நம் கைக்கு எட்டும் என்றால், அதிலும் குற்றமில்லை. ஒரே ஒரு விதி: கட்டை மண்ணைத் தொடக் கூடாது.

சிமெண்டில் சிறு பீடம் ஊற்றி, முழங்கால் உயரத்துக்கு இல்லாவிட்டாலும் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்காவது எழுப்பி, அதில் இரும்புப் பட்டையைப் பதித்து, கட்டையை அந்தப் பட்டையில் முடுக்கி நிறுத்துங்கள். பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகளைப் பாருங்கள். அவர்கள் தூணுக்கடியில் கல் வைக்காமல் கட்டுவதில்லை. அது அழகுக்கு வைத்த கல்லா? மண்ணின் ஈரம் ஏறாமலிருக்க வைத்த கல். கறையான் ஏறினாலும், அந்தக் கல்லின் மேல் மண்குழாய் கட்டிக் கொண்டுதான் ஏற வேண்டும். அப்படி ஏறினால் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மண்ணுக்குள்ளேயே கட்டை நட்டிருந்தால் அது உள்ளுக்குள்ளேயே ஏறிப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. மாதம் ஒரு தடவை, சம்பள நாளன்றே வைத்துக் கொள்ளுங்கள், கையில் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொண்டு தூணின் அடியைக் குத்திப் பாருங்கள். ‘டக்’ என்றால் நல்லது. ‘புசுக்’ என்று இறங்கினால் அந்தத் தூணை அடுத்த சுமத்ரா வருவதற்குள் மாற்றுங்கள்.

ராஜா மூசா காட்டை ஒட்டிய பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அங்கே மண் மண்ணல்ல, மக்கிய இலையும் வேரும் சேர்ந்த கரிமண். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது ஆண்டுக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று இறங்கிக் கொண்டே போகும். ஆழமாக நட்டால் நிற்கும் என்று நினைத்து ஆழமாக நடுகிறார்கள். ஆழம் அங்கே உதவாது, அகலம்தான் உதவும். பீடத்தை அகலமாகப் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை மட்டம் பார்த்து, இறங்கிய பக்கத்தில் பலகைத் துண்டு கொடுத்துத் தூக்கி விட்டால் போதும். விட்டுவிட்டால் ஒரு பக்கம் இறங்கும், தகரம் இழுபடும், ஆணி ஓட்டை பெரிதாகும், அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும். பிறகு தகரத்தைக் குறை சொல்வோம்.

கறையானுக்கும் ஈரத்துக்கும் கறுப்பு எண்ணெய் பூசுகிறார்கள். லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெய், இலவசமாகக் கிடைக்கிறது. இதில் நாம் ஒத்துப் போக முடியவில்லை. ஆடு மாடு நக்கும் உயரத்தில், கோழி கிளறும் மண்ணில், பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் தூணில் அதைப் பூசக் கூடாது. கழிவு எண்ணெயில் உடம்புக்கு ஆகாத நஞ்சு இருக்கிறது. பாலிலும் முட்டையிலும் அது நம்மிடமே திரும்பி வரும். கடையில் விற்கும் மரமருந்தை அடிமரத்துக்கு மட்டும், காய்ந்த நாளில் பூசி, காயும்வரை மாட்டை வேறிடத்தில் கட்டுங்கள். அதற்கும் காசில்லை என்றால் தூண் அடியில் புல்லும் குப்பையும் சேராமல் பார்த்துக் கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குக் காசு வேண்டாம், சங்குல் ஒன்று போதும்.

அத்தாப்பும் தகரமும்

சிலாங்கூர் ஆற்றோரம் நெடுக நிப்பா இருக்கிறது. மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களே, அந்தப் படகில் போகும்போது கரையில் பார்க்கலாம். அந்த நிப்பா ஓலையில் முடைந்த அத்தாப்புதான் ஒரு காலத்தில் நம் கொட்டகைகளுக்கெல்லாம் கூரை. அத்தாப்புக்குக் கீழே மாடு நிற்கும்போது அதற்கு மூச்சு வாங்காது. தகரத்துக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள், மாடு ஏன் பால் குறைக்கிறது என்று விளங்கும். ஆனால் அத்தாப்பு நாலைந்து வருஷத்துக்கு மேல் தாங்காது, தீப்பொறிக்கும் பயப்பட வேண்டும். முடைகிற கைகளும் குறைந்துவிட்டன. தகரத்தைத் தவிர்க்க முடியாது என்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் கூரையை இன்னும் இரண்டு அடி உயர்த்திப் போடுங்கள். உச்சியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். காசு அதிகமில்லை, நாலு தூணிலும் இரண்டடிக் கட்டை கூட, அவ்வளவே.

தகரம் துருவேறுவதற்குக் கடற்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெராம் பக்கம் உப்புக் காற்று உண்மைதான். அதைவிட வேகமாகத் தகரத்தைத் தின்பது மாட்டு மூத்திரத்தின் ஆவியும், கூரையில் தேங்கும் இலைக் குப்பையும். இங்கே பெண்களிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. கொட்டகைக் கூரை மேல் பூசணிக் கொடி ஏற்றிவிடுகிறீர்கள். பார்க்க அழகு, காயும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடிக்கு அடியில் தகரம் காய்வதே இல்லை. நாலு பூசணிக்காய் பறித்து முடிப்பதற்குள் ஒரு தகரம் போய்விடும். கொடிக்குத் தனியாக ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள். போட்டுக் கொடுக்க வேண்டியது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை என்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறோம்.

ஆணி அடிக்கும்போது தகரத்தின் பள்ளத்தில் அடிக்காதீர்கள், மேட்டில் அடியுங்கள். தண்ணீர் பள்ளத்தில்தான் ஓடும். தலை அகன்ற குடை ஆணியாக, அடியில் ரப்பர் வளையம் போட்டு அடிக்க வேண்டும். ஒரு தகரத்தின் மேல் அடுத்த தகரம் ஒன்றரை வளைவாவது ஏறி நிற்கட்டும். ஏறும் பக்கம் எது? நம் வட்டாரத்தில் பெரும் காற்று மேற்கே கடலிலிருந்து வருகிறது. ஆகவே மேலே வரும் தகரத்தின் விளிம்பு கிழக்கைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்று விளிம்புக்குள் விரலை விட்டுத் தூக்க முடியாது. டயரும் செங்கல்லும் காற்றைத் தடுக்காது. சுமத்ரா அடித்தால் அந்தச் செங்கல் யார் தலையில் விழும் என்றுதான் யோசிக்க வேண்டும். கூரை விட்டத்தையும் தூணையும் இரும்புப் பட்டையாலோ முறுக்கிய தடித்த கம்பியாலோ கட்டிப் போடுங்கள். கூரையைக் கீழே அழுத்துவதை விட, கீழே கட்டுவதுதான் முக்கியம்.

பழைய ஆணி ஓட்டைக்குச் சொட்டுத் தார். துரு தொடங்கிய இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிவப்பு ரெட் ஆக்சைட் பூசி, அதன்மேல் ஒரு பூச்சு. இதெல்லாம் அரை நாள் வேலை. பழைய லயங்களிலிருந்து கழற்றிப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்து வந்து ரம்பம் போடாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சில் தங்கினால் இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நோய் காட்டும்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடு கட்டியவர்களுக்கே தெரியும். சிமெண்டுத் தரை, பின்பக்கம் சரிவு, சரிவின் முடிவில் கால்வாய். ஆட்டுக்குத் தரையை உயர்த்திப் பலகை இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கை கீழே விழும், குளம்பும் காய்ந்திருக்கும். ஆனால் சாணிக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. குழியைத் தூணுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், தூரம் நடக்கச் சோம்பல். தூண் இற்றுப் போக அதைவிடச் சிறந்த வழி இல்லை. இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் கிடக்கும் சாணிக் குவியலில் காண்டாமிருக வண்டு புழு வைக்கும். அந்த வண்டு வளர்ந்து இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும். ‘மாடு வேண்டாம்’ என்று நிர்வாகம் சொல்லும்போது காட்டுகிற காரணங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காரணத்தை நாமே அவர்கள் கையில் கொடுக்கலாமா? சாணியை அடிக்கடி கிளறி, மக்கியதைக் காய்கறிப் பாத்திக்கு எடுத்துப் போட்டு விடுங்கள்.

கொட்டகைக்குள் இருக்கும் டின்னுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புல் மருந்து அடித்த டின், சிறிதாக நீலமோ வெள்ளையோ, மூடி போட்டது. ‘கழுவிட்டேண்ணே, அதுல ஆட்டுக்குத் தண்ணி வெக்கிறேன்’ என்று ஒரு அக்கா நம்மிடம் சொன்னார். கழுவினால் போகிற விஷமா அது? எத்தனை ஆண்டு நம் பெண்கள் அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தார்கள், நகம் கறுத்தது, கண் எரிந்தது. பராக்குவாட்டை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்தாகிவிட்டது. ஆனால் பழைய டின் இன்னும் சில கொட்டகை மூலையில் பாதி மருந்தோடு கிடக்கிறது. பிள்ளைகள் கை படும் இடத்தில் கிடக்கிறது. திறக்காதீர்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள், ஆபீசில் சொல்லி ஒப்படையுங்கள். காலி டின்னென்றால் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் மறுபடி எடுக்க முடியாது. எலி வளை இருந்தால் அடையுங்கள், எலி மூத்திரம் பட்ட தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் காய்ச்சல் வந்து ஆள் போன கதைகள் உண்டு. டயர் தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் சுகாதார இலாகாக்காரர் அபராதம் எழுதுவார், அதற்கு 1975-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அபராதக் காசில் இரண்டு தகரம் வாங்கலாமே என்பதுதான் நம் கவலை.

இதற்கெல்லாம் எப்போது நேரம் என்று கேட்பீர்கள். நம் முன்னோர் அதற்கு வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கிறோம், மாட்டுப் பொங்கலுக்குக் கொட்டகையையும் கழுவுகிறோம். மேற்குக் கரையில் தையும் மாசியும் மழை குறைந்த மாதங்கள். மரம் காய்ந்திருக்கும், பூச்சு ஒட்டும். சித்திரை மழைக்கு முன்னால் கூரை வேலை முடிந்துவிடும். மறுபடி ஆனி, ஆடியில் ஒரு காய்ச்சல் காலம் வருகிறது. அப்போது இன்னொரு தடவை பார்த்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குக் கொட்டகை தயார். வருஷத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பொங்கலன்று மாட்டுக் கொம்புக்கு மட்டும் வர்ணம் பூசிவிட்டு, அந்த மாடு நிற்கும் தூணைத் திரும்பிப் பாராமல் போகிறோம். அந்த வழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

‘கொட்டகை வேலை பொம்பள வேலை’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. விடியற்காலையில் பால் கறப்பது அவள், சாணி அள்ளுவது அவள், புல் அறுத்துச் சுமப்பது அவள். தகரத்தில் ஏறி ஓர் ஆணி அடிப்பதும் அவளே செய்ய வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை கடைப் பக்கம் போகும் காசில் ஒரு கிலோ குடை ஆணி வாங்கலாம் என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம்ம எடமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறோம். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே தோட்டத்தில் பெரியவர்கள் ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள்: ‘நம்ம எடமாங்க இது? நாளைக்கே வித்துட்டான்னா?’

நியாயமான கேள்வி. இதை நாம் தட்டிக் கழிக்க மாட்டோம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்பது வட சிலாங்கூரில் எல்லாருக்கும் தெரியும். தெற்கே புத்ராஜெயா எழும்பியபோது நான்கு தோட்டத்து மக்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள். அடுக்குமாடியில் மாடு எங்கே கட்டுவது? நஷ்ட ஈடு பேசும் மேசையில் வீடு பேசப்படும், சம்பளம் பேசப்படும். கொட்டகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நாமும் திறப்பதில்லை.

பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. நமக்கு யாரும் தானமாகக் கொடுத்த இடமல்ல அது என்பதற்காகச் சொல்கிறோம். தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 1990-இல் இன்னொன்று. வீட்டைப் பழுது பார்த்துக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அதே சமயம் அனுமதியில்லாமல் வீட்டோடு சேர்த்து நீட்டிக் கட்டுவதை அது ஏற்பதில்லை. ஆகவே கொட்டகையைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் தள்ளிக் கட்டுங்கள், வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். எந்த இடம், எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடமும் ஒன்று இருக்கட்டும். கடிதம் எழுதத் தயங்குபவர்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், மறுக்க மாட்டார். நல்ல நிலையில் நிற்கும் கொட்டகைக்குத்தான் நஷ்ட ஈடு கேட்க முடியும். சாய்ந்து கிடக்கும் கட்டைக்கு என்ன விலை பேசுவது?

அதைவிட உருப்படியான ஒரு யோசனை நமக்குக் கிடைத்தது புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம். ஆணியை நம்பாதவர். தூணும் விட்டமும் சேரும் இடமெல்லாம் துளை போட்டு போல்ட்டும் நட்டும் முடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு கட்டையிலும் சிவப்பு வர்ணத்தில் 1, 2, 3 என்று எண். ‘என்ன மாமா, ரேசன் அட்டை மாதிரி நம்பர் போட்டிருக்கீங்க?’ என்று கேட்டோம். சிரித்தார். மலாய்க்காரர் வீட்டைப் பிரித்து வேறு இடத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். பழைய மலாய் வீடுகளில் ஆணியே இராது, கட்டையில் கட்டை கோத்துத்தான் நிற்கும்.

‘எடம் அவனோடதுதான் தம்பி. கட்டை என்னோடது. போன்னு சொன்னா ஸ்பேனர் எடுத்தா அரை நாள்ல கழட்டிடுவேன். லாரி வாடகை மட்டும்தான்.’

வருஷத்துக்கு ஒரு முறை எல்லா நட்டையும் இறுக்கி, கிரீஸ் தடவுகிறார். பதினேழு வருஷமாகிறதாம் கட்டி. இரண்டு தோட்டம் மாறிவிட்டார், கொட்டகையும் கூடவே மாறியிருக்கிறது. மூன்றாவதாக மகன் வாங்கிய தாமான் வீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்தப் போகிறாராம். அங்கே மாடு வைக்க நகராட்சி விடாது என்று மகன் சொல்லிவிட்டான். ‘மாடு இல்லாட்டி என்ன, பேரப்பிள்ளைங்க சைக்கிளு நிக்கட்டும்’ என்றார். நாம் கிளம்பும்போது எட்டாம் நம்பர் தூணின் அடியைக் குனிந்து குத்திப் பார்த்துக் கொண்டிருந்தார்.